போகச் சொன்னவர்

சேசு மரி சூசை துணை

சாந்தோம்,
7 டிசம்பர் 1930

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆலிஸ் எழுதுவது. இங்கே என் முழங்கால் ஒன்றுதான் முரண்டு பிடிக்கிறது, மற்றதெல்லாம் ஆண்டவர் தயவால் சுகம். நீங்களும் மர்சலின் அண்ணியும் டில்லிக் குளிரில் எப்படி இருக்கிறீர்கள்? வாங்கிப்போன கம்பளியைப் பெட்டியில் வைத்து அழகு பார்க்காமல் போர்த்திக்கொள்ளுங்கள்.

சென்ட்ரல் ஸ்டேஷனில் விழுந்த மாலைகளுக்கு நடுவே உங்கள் மூக்கு மட்டும்தான் தெரிந்தது. லஸ் மூலையில் தண்ணீர்க் குழாய்க்காகத் தொண்டை கிழியச் சண்டை போட்ட நகரசபை மெம்பர், சென்னைச் சட்டசபைக்குப் போய், இப்போது இந்தியா முழுவதற்குமான ராஜாங்க சபைக்கே போய்விட்டார்! உறையின் மேல் 'கனம்' என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. அப்பா இருந்து பார்த்திருக்க வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் ஊரில் இருந்த வாரம் முழுக்கப் பச்சையம்மா நம் வாசலுக்கு வந்தாள். அவள் வரும்போதெல்லாம் நீங்கள் குளிக்கப் போனீர்கள். இவ்வளவு சுத்தமான மனிதரை மயிலாப்பூரிலேயே பார்த்ததில்லை.

அவள் மகள் அங்காளம்மாளை ஊரூர் குப்பத்துக் குப்பனுக்குக் கேட்டிருக்கிறார்கள். தகப்பன் கணக்குத் தீராமல் பெண்ணைக் கொடுக்க முடியாதாம். நாலு வருஷத்துக்கு முன் சட்டசபைத் தேர்தலன்று நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. மழையில் ரோடு அறுத்துக்கொண்டது என்று, கோவளத்து ஓட்டர்களைக் கடல் வழியாகக் கூட்டிவரப் பச்சையம்மாவின் புருஷன் தேசப்பனை அனுப்பினீர்கள். துறைமுகத்தில் புயல் கொடி ஏறியிருந்தது. "வானம் சரியில்ல நைனா" என்றான். "நான் சொல்றேன், போ" என்றீர்கள். கட்டுமரமும் வரவில்லை, அவனும் வரவில்லை. அந்தக் கோவளத்து ஓட்டுகள் இல்லாமலே நீங்கள் ஜெயித்தீர்கள்.

பட்டினப்பாக்கம் குப்பத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். உடல் கிடைக்காதவனைப் போகச் சொன்னவர் யாரோ, அவரே விடியற்காலையில் கரையில் நின்று மூன்று முறை பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பதில் வராவிட்டால்தான் அவன் போய்விட்டான் என்று அர்த்தம். அப்புறம்தான் தாலி இறக்குவது, கருமாதி, வீட்டில் நல்ல காரியம் எல்லாம். கூப்பிடாமலே போகச் சொன்னவர் செத்துப்போனால், அவர் சொல்லும் அவரோடு போயிற்று என்று விட்டுவிடுவார்களாம். "ஐயா நூறு வருசம் நல்லா இருக்கட்டும் டீச்சரம்மா. ஒரு நாள் காலைல வந்து கூப்டா போதும்" என்கிறாள்.

எப்போது வருவீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள்.

அண்ணியின் இருமலையும் உங்கள் தூக்கத்தையும் நினைத்து ஜெபிக்கும் தங்கை,
ஆலிஸ்

*

புது டில்லி,
2 பிப்ரவரி 1931

அன்புள்ள ஆலிஸ்,

உன் கடிதம் கிடைத்து வெகு நாளாயிற்று. இங்கே அலுவல் ஓயவில்லை. உன் முழங்காலுக்குக் கற்பூரத் தைலம் தேய்க்கிறாயா? மர்சலினுக்கு இருமல் தேவலை. எனக்கு ஒரு குறையும் இல்லை.

சபைக் கட்டடத்தை நீ பார்க்க வேண்டும். நம் சாந்தோம் கோயிலை உள்ளே வைத்து மூடிவிடலாம். முதல் நாள் காரியதரிசி எழுந்து ஒவ்வொரு மெம்பராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். என் முறை வந்ததும் "இருக்கிறேன்" என்று நான் சொன்ன சொல் கூரை வரை போய்த் திரும்பி வந்தது. பக்கத்தில் இருந்த நவாப் ஒருவர், "உங்களுக்கு ஒலிபெருக்கி வேண்டாம்" என்றார். கோர்ட்டில் வக்கீலாக இருபது வருஷம் கத்தியது வீண்போகவில்லை.

தோட்டத்து மாமரம் பூத்திருக்கிறதா? பூனை குட்டி போட்டதா?

இன்னொன்று. உன் கடிதம் சொட்டச் சொட்ட நனைந்து வந்தது. சமையற்கார ஷரீஃப் கணப்பில் காட்டி உலர்த்தினான். உலர்ந்த பிறகு தாளில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. தபாலில் சேர்க்கும்போது கவனமாக இரு.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
வில்லியம்

*

சேசு மரி சூசை துணை

சாந்தோம்,
15 பிப்ரவரி 1931

அன்புள்ள அண்ணாவுக்கு,

முழங்கால் தேவலை. மாமரம் பூத்திருக்கிறது. பூனை நான்கு குட்டிகள் போட்டது. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். இனி நான் கேட்டதற்கு நீங்கள் சொல்லுங்கள்.

கடிதத்தை நான் நனைக்கவில்லை. அன்று மழையும் இல்லை. என் கையாலேயே மயிலாப்பூர் தபாலாபீசில் போட்டேன்.

நேற்று குப்பத்துக்குப் போயிருந்தேன். சாயங்காலமானால் பச்சையம்மா நீலக் கரை போட்ட பீங்கான் தட்டில் சோறும் குழம்பும் போட்டு, கடலைப் பார்த்த மூலையில் வைக்கிறாள். "சாப்டு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இருட்டின பிறகு எடுத்துத் தண்ணீரில் கொட்டிவிடுவார்களாம். "அவரு அங்க நின்னுக்கினு இருக்கும்போது நாம எப்டிம்மா பந்தல் போட்றது?" என்று அங்காளம்மாள் என்னைக் கேட்டாள். கல்யாணப் பெண்ணின் முகமா அது?

நமக்கு இதில் நம்பிக்கை உண்டா இல்லையா என்பது வேறு பேச்சு. அவர்களுக்கு உண்டு. ஒரு காலைப் பொழுது அண்ணா, அவ்வளவுதான் கேட்கிறார்கள். சாம்பல் புதன் வருகிறது, தபசு காலத்திலாவது இதைச் செய்யுங்கள்.

அண்ணியிடம் என் அன்பைச் சொல்லுங்கள்.
ஆலிஸ்

*

புது டில்லி,
9 மார்ச் 1931

அன்புள்ள ஆலிஸ்,

நலம். உன் நலமும் அப்படியே இருக்கட்டும்.

நீ ஓயாமல் எழுதும் அந்தக் காரியத்துக்கு வழி செய்துவிட்டேன். பட்ஜெட் சமயம், நான் நகர முடியாது. நான் ஊருக்கு வந்து கடற்கரையில் நின்று கத்தினால், எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் என்ன எழுதும் என்று உனக்குத் தெரியாது. ஆகவே நம் ஆபீஸ் குமாஸ்தா பத்ரிநாராயணனுக்கு அதிகாரம் கொடுத்து எழுதியிருக்கிறேன். அவர் என் சார்பில் போய்க் கூப்பிடுவார். வழக்குப் போட்ட கட்சிக்காரன் வாய் திறக்காமல் வக்கீல் பேசினால் கோர்ட்டு ஒப்புக்கொள்கிறது. நான் ஆயுள் முழுக்க மற்றவர்களுக்காகப் பேசியவன். எனக்காக ஒருவர் மூன்று முறை பேசினால் குடி முழுகிவிடாது.

இதோடு அந்தப் பேச்சு முடியட்டும்.

உன் கடிதம் இந்தத் தடவையும் நனைந்துதான் வந்தது.
வில்லியம்

*

சேசு மரி சூசை துணை

சாந்தோம்,
22 மார்ச் 1931

அண்ணா,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

நேற்று விடியற்காலையில் பத்ரிநாராயணன் வந்தார். பஞ்சகச்சமும் கோட்டுமாக, கையில் நீங்கள் அனுப்பிய வக்காலத்துத் தாளோடு நின்றார். குப்பத்துக்குத் தலைவரான நாட்டார் மண்ணாங்கட்டி, "தாளு இன்னாத்துக்கு சாமி? கடலு படிக்குமா?" என்று கேட்டார். போகச் சொன்னவர் வராமல் வேறு ஆள் கூப்பிட்டு அந்தக் குப்பத்தில் யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் டில்லிக்காரர் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒப்புக்கொண்டார்கள். உங்கள் பெயருக்கு இன்னும் அவ்வளவு மரியாதை இருக்கிறது.

பத்ரிநாராயணன் தாளைப் பார்த்தபடி, "கனம் வில்லியம் அவர்கள் சார்பில்" என்று ஆரம்பித்து, "தேசப்பா" என்று கூப்பிட்டார். ஒன்றும் இல்லை. இரண்டாவது தடவையும் ஒன்றும் இல்லை. மூன்றாவது தடவை பதில் வந்தது.

"நீ யாரு?"

தண்ணீருக்குள்ளிருந்து வந்தது அண்ணா. அலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஆண் குரல், சளி கட்டின குரல். கரையில் இருந்தவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. நானும் கேட்டேன், என் இரண்டு காதாலும். பத்ரிநாராயணன் தாளைக் கீழே போட்டுவிட்டு, "நேக்கு ஒடம்பு சரியில்லே, நான் ஆத்துக்குப் போறேன்" என்று சொல்லிக்கொண்டே ஓடினார். இன்றைக்குக் காய்ச்சலாகப் படுத்திருக்கிறார்.

பச்சையம்மா சந்தோஷப்பட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "அவருதான் டீச்சரம்மா, பனி ஒத்துக்காது அவருக்கு" என்று சொல்லிவிட்டு மீன் வாங்க ஓடினாள். பதில் சொன்னவனுக்கு இனி கருமாதி எப்படிச் செய்வது? ஊரூர் குப்பத்தார் பயந்துபோய், தை வரைக்கும் பார்ப்போம், அதற்குள் தீராவிட்டால் வேறு பெண் பார்க்கிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நீங்களே வந்துதான் ஆக வேண்டும்.
ஆலிஸ்

*

சிம்லா,
20 செப்டம்பர் 1931

அன்புள்ள ஆலிஸ்,

ஆறு மாதமாக எழுதவில்லை என்று கோபமாக இருப்பாய். அலுவல் அப்படி. நாங்கள் சுகம். பள்ளிக்கூடத்தில் உனக்கு வேலை அதிகமா?

சிம்லா மலைக் காற்று நன்றாக இருக்கிறது. தேவதாரு மரங்கள், மேகம் ஜன்னலுக்குள்ளேயே வருகிறது. தொண்டையில் லேசான ஜலதோஷம், டாக்டர் கொஞ்ச நாள் பேசாமல் இருக்கச் சொல்லியிருக்கிறார். போன வாரம் சபையில் கரையோரத்து ஜனங்களின் கஷ்டத்தைப் பற்றி நான் செய்த பிரசங்கத்தைப் பத்திரிகைகள் புகழ்ந்திருக்கின்றன. இனி பட்டினப்பாக்கத்தில் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள்.

ஷரீஃப் முன்போல் இல்லை. காலையில் என் பூட்ஸைக் கொண்டுவந்து வைக்கிறான், உள்ளே ஈர மணல். கடல் இங்கிருந்து எத்தனை நூறு மைல்! கேட்டால், "ஹுஸூர், நான் துடைத்துத்தான் வைத்தேன்" என்கிறான். மணலில் சின்னச் சின்னக் கிளிஞ்சல் வேறு. அவனை நிறுத்திவிடலாம் என்று பார்க்கிறேன்.

அந்தப் பழைய விஷயத்தைப் பற்றி இனி எழுதாதே.
வில்லியம்

*

சேசு மரி சூசை துணை

சாந்தோம்,
1 அக்டோபர் 1931

அண்ணாவுக்கு,

உங்கள் ஜலதோஷம் குணமாகட்டும். உங்கள் கடிதத்துக்கு முன்பே உங்கள் பிரசங்கம் வந்து சேர்ந்தது.

பத்திரிகையை மீன் கடையில் வைத்து யாரோ உரக்கப் படித்திருக்கிறார்கள். "என் தொகுதியில் தேசப்பன் என்ற வீரன் இருந்தான். நான் எவ்வளவோ தடுத்தும் கேளாமல், தானாகவே புயலில் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போனான்." சபையார் கை தட்டினார்களாமே.

பச்சையம்மா நடுப்பகல் வெயிலில் என் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். "தானா போனாருன்னு போட்டுக்கீதாமே டீச்சரம்மா. அப்போ எங்களை வுட்டுட்டுப் போனாரா? யாரும் போவச் சொல்லாம, பொண்டாட்டி புள்ளைங்க வேணாம்னு போனாரா?" என்று கேட்டாள். அவர்கள் வழக்கப்படி, யாரும் சொல்லாமல் தானாகப் போனவனைக் கூப்பிட ஆள் கிடையாது. அவன் வீட்டை உதறினவன். அவனுக்குக் கருமாதியும் இல்லை. ஐந்து வருஷமாகத் தட்டு வைத்தவளுக்கு நீங்கள் கொடுத்த பட்டம் இது.

நான் அன்று வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன் அண்ணா. "நான் சொல்றேன், போ" என்று நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது. தலைப்பாகையை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவன் படி இறங்கினதும் என் கண்ணில் இருக்கிறது. பச்சையம்மாவிடம் அதை அப்படியே சொன்னேன். உங்கள் பெயர் கெட்டாலும் பரவாயில்லை என்று சொன்னேன்.

எனக்கு உங்கள் மேல் கோபம். சின்ன வயதில் என்னைத் தோளில் ஏற்றித் திருவிழா காட்டின அண்ணன் என்பதால்தான் இவ்வளவு கோபம். தை பிறக்கும் முன் வாருங்கள்.

ஆலிஸ்

*

புது டில்லி,
28 டிசம்பர் 1931

அன்புள்ள ஆலிஸுக்கு,

மர்சலின் எழுதுவது. கிறிஸ்மஸ் வாழ்த்துக்கூட அனுப்ப முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. நான் எழுதுவது உன் அண்ணாவுக்குத் தெரியாது.

அவருக்கு ஜலதோஷம் இல்லை ஆலிஸ், குரலே இல்லை. நீ படித்த அந்தப் பிரசங்கம்தான் அவர் கடைசியாகப் பேசியது. மறுநாள் சபையில் எழுந்து நின்றாராம், வாய் அசைந்ததாம், காற்று மட்டும் வந்ததாம். சிம்லாவிலிருந்து உனக்குக் கடிதம் எழுதினபோதே அப்படித்தான். மூன்று டாக்டர்கள் பார்த்தார்கள், தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்கிறார்கள். தமக்கு வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார். விடிகிற நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, யாரோ கூப்பிடுவதற்குக் காத்திருப்பதுபோல் காதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். உப்புத் தண்ணீரில் நனைந்து கிடக்கும் அவர் படுக்கை விரிப்பை நான் தினமும் வெயிலில் உலர்த்துகிறேன்.

உன் அக்டோபர் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். நேற்று சிலேட்டில், "ஊருக்குப் போகிறேன்" என்று எழுதினார். கிராண்ட் டிரங்க் வண்டியில் புறப்படுகிறார். என் மார்புச் சளிக்குப் பயணம் ஆகாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். குரல் இல்லாமல் வருகிற மனிதரை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உன் அண்ணி,
மர்சலின்

*

சேசு மரி சூசை துணை

சாந்தோம்,
10 ஜனவரி 1932

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் சளி எப்படி இருக்கிறது? அண்ணா இங்கே இருக்கிறார். சாப்பிடுகிறார், தூங்குகிறார். உடம்புக்கு ஒன்றும் இல்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன், மேலே வருவதைப் படித்துப் பயப்பட வேண்டாம்.

வந்த மறுநாளே, கோயிலில் முதல் மணி அடித்ததும் கரைக்குப் போனோம். மண்ணாங்கட்டி, பச்சையம்மா, அங்காளம்மாள், இன்னும் குப்பத்தார் எல்லோரும் வந்திருந்தார்கள். கடல் சாதுவாக இருந்தது. அண்ணா பூட்ஸைக் கழற்றிவிட்டு முழங்கால் தண்ணீரில் போய் நின்றார். வாயைத் திறந்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது அண்ணி, கண்ணில் தண்ணீர் கொட்டியது. சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றார். மறுபடியும் வரவில்லை. பச்சையம்மா, "எங்க நைனா அந்தக் குரலு? ஊரெல்லாம் கேட்ட குரலாச்சே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்காகப் பரிதாபப்பட்டாள்.

அப்போது தண்ணீருக்குள்ளிருந்து கூப்பிட்டது.

"வக்கீல் நைனா!"

அதே சளிக் குரல். அண்ணா அந்தப் பக்கம் திரும்பினார். பதில் சொல்லத்தான் பார்த்தார், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முடியவில்லை. மறுபடி, "வக்கீல் நைனா!" மண்ணாங்கட்டி தலையைச் சாய்த்து, பதிலுக்காகக் காது கொடுத்தார். மூன்றாவது தடவையும் கூப்பிட்டது. அண்ணா இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். கை ஆட்டினால் பதில் ஆகாதாம்.

மண்ணாங்கட்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார். "மூணு வாட்டி கூப்டாச்சு, பதில் இல்ல. போவச் சொன்னவரு பூட்டாரு. அவரு சொல்லும் அவரோட போச்சு. இனிமே தேசப்பனைப் புடிச்சு வச்சிக்க ஆளு இல்ல. தாலியை எறக்கிடலாம்."

பச்சையம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஐந்து வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து, "ஐயாவுக்குக் காரியம் எப்போ டீச்சரம்மா?" என்று கேட்டாள். "இதோ நிற்கிறாரே!" என்றேன். அண்ணா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார், வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பச்சையம்மா என் கையைத் தடவிக்கொடுத்தாள். "அப்டித்தாம்மா இருக்கும். எனக்கும் அஞ்சு வருசம் அப்டித்தான் இருந்துச்சு" என்றாள்.

பங்குச் சாமியாரிடம் சொன்னேன். எல்லாம் மூடநம்பிக்கை என்று சிரித்துவிட்டு வீடு மந்திரித்துப் போனார். ஆனால் இன்று காலை மீன்காரி தேசம்மா கூடையை இறக்கினாள். அண்ணா எதிரில் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். "ஒண்டியாத்தானே கீறே, இந்த ரெண்டு துண்டு வஞ்சிரம் போதும்" என்று வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் இன்னும் நாலு துண்டு வாங்கினேன்.
ஆலிஸ்

*

சாந்தோம்,
1 பிப்ரவரி 1932

அன்புள்ள மர்சலின்,

என் சுகம் விசாரித்து நீ எழுதிய கடிதங்கள் வந்தன. என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் வைத்திருந்தேன். உன் சளி குறைந்தது கேட்டுச் சந்தோஷம். ஷரீஃபை நிறுத்த வேண்டாம், அவன் மேல் தப்பில்லை.

ராஜாங்க சபைக்கு நான் ராஜினாமா எழுதவில்லை. இந்த மாதம் சபை கூடினால் வோட்டெடுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பதில் வராது. அவர்களும் புரிந்துகொள்வார்கள்.

நேற்று கச்சேரி ரோட்டில் பத்ரிநாராயணன் எதிரே வந்தார். கும்பிடவில்லை. என்னைப் பார்த்துவிட்டு அப்படிப் போனாரா, பார்க்கவே இல்லையா என்று தெரியவில்லை. ஆலிஸ் மட்டும் என்னை முன்போலவே திட்டுகிறாள். அது எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று அவளிடம் சொல்ல முடியவில்லை.

போன வியாழக்கிழமை அங்காளம்மாள் கல்யாணம். வாசலில் பந்தல், மேளம் எல்லாம் நன்றாக இருந்தது. பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆலிஸ் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பந்தியில் உட்கார வைத்தாள். இலை போட்டுக்கொண்டு வந்தவன் என் இடத்தைத் தாண்டி அடுத்தவருக்குப் போட்டான். ஆலிஸ் அவனிடம் சண்டைக்குப் போனாள். அவன் நிஜமாகவே புரியாமல் விழித்தான். நான் எழுந்து வராமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

எல்லோரும் கை கழுவிய பிறகு பச்சையம்மா வந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது. கையில் நீலக் கரை போட்ட பீங்கான் தட்டு. சோறும் குழம்பும், ஓரத்தில் ஒரு வறுத்த மீனும் இருந்தன. கடலைப் பார்த்த மூலையில் அதை வைத்து, "சாப்டு நைனா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எனக்குப் பசித்தது. எழுந்து போய் அந்த மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அன்றிலிருந்து தினமும் வைக்கிறாள். நானும் போகிறேன்.

சாயங்காலம் ஆகிறது. சோறு ஆறுவதற்குள் போக வேண்டும், இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

வில்லியம்